டீ ட்ரீ எண்ணெய் "100% தூயது" என்றால் பூனைக்குத் தடவலாமா?

மீசைக்காரி

வணக்கம். வீட்டில் இரண்டு பூனை, ஒரு நாய். சின்னப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்திருக்கிறது. சீப்பால் வாரினால் கறுப்புத் துகளாக விழுகிறது. கழுத்தில் சொட்டும் மருந்தெல்லாம் கெமிக்கல், டீ ட்ரீ எண்ணெயைத் தடவினாலே ஓடிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அவரே ஒரு பாட்டிலும் கொடுத்தார். லேபிளில் "100% தூயது", "தெரப்யூடிக் கிரேடு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கூடவே ஜிசி-எம்எஸ் அறிக்கை (எண்ணெயில் என்னென்ன பொருள், எவ்வளவு என்று கருவியால் பிரித்துப் பார்த்தது) என்று ஒரு பக்கத் தாள். பிராணிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதெல்லாம் கலப்பட எண்ணெயால்தான், சுத்தமான எண்ணெய் ஒன்றும் செய்யாது என்பது அவர் கட்சி.

இன்னும் தடவவில்லை. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்புறம், நாய் இடிச் சத்தத்துக்குப் பயப்படும் என்பதால் ஹாலில் லாவண்டர் டிஃப்யூசர் (எண்ணெய் வாசனையைக் காற்றில் பரப்பும் சாதனம்) வைக்கவும் யோசனை. இரண்டையும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இயற்கைவழி

தாராளமாகப் போடலாம் அக்கா. அவர் சொன்னது சரிதான். சந்தையில் வருவதில் பாதிக்கு மேல் செயற்கை வாசனையும் கரைப்பானும்தான். பிராணிக்கு ஆகாமல் போவது அதனால். தாவரத்திலிருந்து வடித்த எண்ணெய் உடம்புக்குத் தெரிந்த பொருள், கல்லீரல் அதை அடையாளம் கண்டு வெளியேற்றிவிடும். பாட்டிலைத் திறந்து பூனை முன்னால் காட்டுங்கள். முகர்ந்துவிட்டு விலகினால் வேண்டாம், அங்கேயே நின்றால் தேவைப்படுகிறது என்று பொருள்.

ஊசிமருந்து

தடவாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் பாட்டிலை மூடிப் பூனை எட்டாத அலமாரியில் வையுங்கள்.

கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். டீ ட்ரீ எண்ணெய் விஷயத்தில் நல்ல ஆவணமே இருக்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 2002 முதல் 2012 வரை வந்த 443 கேஸ்களைத் தொகுத்து 2014-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. 337 நாய்கள், 106 பூனைகள். அந்தத் தொகுப்பில் எடுத்துக்கொண்டது 100% டீ ட்ரீ எண்ணெய் பட்ட கேஸ்களை மட்டுமே. நீர்த்தது, ஷாம்பூவில் கலந்தது எதுவும் கணக்கில் இல்லை. இதில் 395 பிராணிகளுக்கு எண்ணெய் தற்செயலாகச் சிந்திப் படவில்லை. நல்லது என்று நம்பி வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். பட்ட அளவு 0.1 மி.லி.யிலிருந்து 85 மி.லி. வரை.

அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். எச்சில் ஒழுகும், மந்தமாகக் கிடக்கும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், கால்களை ஊன்ற முடியாது. மூன்று நாள்வரைகூட நீடிக்கும். பூனைகளில் வயதிலும் எடையிலும் சின்னவைதான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. உங்களுடையதும் சின்னப் பூனை என்கிறீர்கள்.

எங்களிடம் தூக்கி வரும்போது பெரும்பாலும் வாசலிலேயே வாசனை வந்துவிடும். துண்டில் சுற்றிய பூனை, தாடையெல்லாம் நனைந்திருக்கும், தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கும். பின்னங்கால் தரையில் இழுபடும். கூட வருபவர் முதலில் சொல்வது: "நல்ல கம்பெனி எண்ணெய்தான் டாக்டர், கலப்படமே இல்லை."

வடிகலன்

வாசனை எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தூய்மை என்ற பேச்சு வந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "தெரப்யூடிக் கிரேடு". அப்படி ஒரு தரத்தை வரையறுத்துச் சான்று கொடுக்கும் அரசு அமைப்போ பொதுவான தர அமைப்போ உலகில் எங்கும் கிடையாது. விற்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டம். சில நிறுவனங்கள் அதையே வணிக முத்திரையாகவும் பதிவு செய்து வைத்திருக்கின்றன.

உண்மையில் இருப்பவை ஐஎஸ்ஓ தரங்கள். டீ ட்ரீக்கு ஐஎஸ்ஓ 4730. அதன் 2017 பதிப்புப்படி அதன் முக்கியப் பொருளான டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும், 1,8-சினியோல் என்ற இன்னொரு பொருள் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. லாவண்டருக்கு ஐஎஸ்ஓ 3515. இவை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பாட்டிலில் இருப்பது அந்தச் செடியின் எண்ணெய்க்குரிய சேர்மானத்தில் இருக்கிறதா இல்லையா. பூனைமேல் தடவலாமா என்ற கேள்விக்கு அதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை.

அடுத்து அந்த ஒரு பக்கத் தாள். ஜிசி-எம்எஸ் அருமையான கருவி, ஆனால் தாளைப் பார்க்கத் தெரிய வேண்டும். பாட்டிலில் உள்ள தொகுதி எண் தாளிலும் இருக்கிறதா? எந்தத் தேதியில் செய்தது? செடியின் தாவரவியல் பெயர் உண்டா? பல விற்பனையாளர்கள் எப்போதோ ஒரு நல்ல மாதிரிக்கு எடுத்த அறிக்கையையே எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

தொகுதி எண் பொருந்தினாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜிசி கருவி ஆவியாகும் பொருளை மட்டும்தான் பார்க்கும். ஒருவர் பாதிக்குப் பாதி சமையல் எண்ணெயைக் கலந்திருந்தாலும், வழக்கமான ஓட்டத்தில் அது முகடாக (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் மேடு) வெளியே வராது, குழாயிலேயே தங்கிவிடும். வெளியே வந்த முகடுகளை மட்டும் கூட்டி நூறு சதவீதம் என்று மென்பொருள் காட்டும். தாளைப் பார்த்தால் அப்பழுக்கற்ற எண்ணெய்! அடர்த்தி, ஒளிவிலகல் எண், ஆவியாக்கிய பின் மிஞ்சும் எச்சம் இவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அகப்படும்.

லாவண்டர் எண்ணெயின் முக்கிய வாசனைப் பொருளான லினலூலைச் செயற்கையாகச் செய்து சேர்ப்பது இன்னொரு வகைக் கலப்படம். மூலக்கூறு அதேதான் என்பதால் சாதாரண ஜிசியில் பிடிபடாது. இயற்கை லாவண்டரில் லினலூலின் இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்று மட்டுமே ஏறக்குறைய முழுவதும் இருக்கும். தொழிற்சாலையில் செய்ததில் இரண்டும் சரிபாதி. இரண்டையும் பிரித்துக் காட்டும் தனிவகைக் குழாய் போட்டுத்தான் கண்டுபிடிப்போம்.

வீட்டில் செய்யும் காகிதச் சோதனை பற்றியும் கேட்பீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் கழித்துப் பார்ப்பது. எண்ணெய்ப் பிசுக்கு வளையம் தங்கினால் கொழுப்பெண்ணெய் கலந்திருக்கலாம். ஆனால் வெட்டிவேர், சந்தனம், பச்சௌலி எல்லாம் சுத்தமாகவே இருந்தாலும் கறை விடும். செயற்கை லினலூலோ சுவடே இல்லாமல் பறந்துவிடும். ஆக அந்தச் சோதனையில் மோசடிக்காரர் தப்பிப்பார், நல்ல சந்தன எண்ணெய் மாட்டிக்கொள்ளும்.

இயற்கைவழி

வடிகலன் சார் சொல்வதிலிருந்தே தெரிகிறதே, கலப்படம் எவ்வளவு சாதாரணம் என்று! அப்படியானால் டாக்டர் சொன்ன 443 கேஸிலும் பாட்டிலில் 100% என்று போட்டிருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? மனிதர்கள் டீ ட்ரீயைப் பருவுக்குத் தினமும் போடுகிறார்கள். பிராணிக்கு மட்டும் எப்படி விஷமாகும்?

ஊசிமருந்து

நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பாட்டிலையும் கூடத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் விஷம் எண்ணெய்க்குள்ளேயே இருக்கும்போது கலப்படத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. எளிதான உதாரணம் விண்டர்கிரீன் எண்ணெய். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் வரும் அந்தக் காட்டமான வாசனை. அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். இலையிலிருந்து வடித்தாலும் அதேதான், தொழிற்சாலையில் செய்தாலும் அதேதான். ஒரு மி.லி.யில் இருப்பது சுமார் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். அதாவது 325 மி.கி. மாத்திரை நான்குக்கு மேல். பூனையின் உடலில் சாலிசிலேட் பாதியாகக் குறையவே ஒரு நாளிலிருந்து இரண்டு நாள்வரை ஆகலாம். நாய்க்கு எட்டு மணி நேரம் போல. இந்த இடத்தில் எண்ணெய் எவ்வளவு தூயதோ அவ்வளவு ஆபத்து. நேர்மையில்லாத வியாபாரி பாதி சமையல் எண்ணெயைக் கலந்திருந்தால் அந்தப் பூனைக்குப் பாதி விஷம் மிச்சம்!

உடம்புக்குத் தெரிந்த பொருள், கல்லீரல் வெளியேற்றிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கல்லீரல் என்பதுதான் விஷயம். பீனால் வகைப் பொருள்களை உடலிலிருந்து அகற்ற முக்கியமான வழி, அவற்றோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி நீரில் கரையும்படி செய்து சிறுநீர் வழியாக அனுப்புவது. அதைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்கான யூஜிடி1ஏ6 மரபணு பூனையில் பழுதாகிக் கிடக்கிறது. வீட்டுப் பூனை மட்டுமில்லை, சிங்கம், சிறுத்தை என்று பூனைக் குடும்பம் முழுக்க. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடியது இதனால்தான். கிராம்பு எண்ணெயின் யூஜினால், தைம், ஓமம் எண்ணெய்களின் தைமால், ஆரிகனோவின் கார்வக்ரால் எல்லாமே பீனால் கூட்டம்.

மனிதன் பருவில் பஞ்சால் ஒற்றுவான், நக்க மாட்டான். பூனை தன் உடலில் பட்ட எதையும் நக்கி நக்கித்தான் சுத்தம் செய்யும். தோலில் போட்டது வாய் வழியாகவும் போகும். அந்த 443 பேரிலும் பலருக்கு இரண்டு வழியிலும் போயிருந்தது.

முகர வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பற்றி: காருக்கு ஊற்றும் குளிர்விப்பான் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், சிறுநீரகத்தை அழித்துவிடும். நாய்கள் அதைத் தாமாகவே போய் நக்கும். மூக்கை நம்பி மருந்து எழுத முடியாது.

சங்கிலி

நாய்க்காரர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாமா டாக்டர்? என் லாப்ரடாரைக் காரில் ஏற்றினால் ஊளைதான். லாவண்டர் உதவும் என்று எங்கோ படித்தேன். அதுவும் கட்டுக்கதையா?

ஊசிமருந்து

கட்டுக்கதை இல்லை. காரில் பரபரக்கும் 32 நாய்களை வைத்து 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. லாவண்டர் வாசனை இருந்தபோது நாய்கள் அதிக நேரம் படுத்தும் உட்கார்ந்தும் இருந்தன, சத்தமும் அலைச்சலும் குறைந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, காப்பகத்தில் இருந்த 55 நாய்களிடம் பார்த்தபோது லாவண்டரும் கெமோமைலும் ஓய்வைக் கூட்டின. ரோஸ்மேரியும் புதினாவும் நேர்மாறாக, குரைப்பைக் கூட்டின.

ஆனால் இரண்டிலும் நாய்க்குப் போனது காற்றில் கலந்த வாசனை. யாரும் எண்ணெயைத் தோலில் தேய்க்கவில்லை, வாயில் ஊற்றவில்லை. நம்மைவிட எத்தனையோ மடங்கு கூர்மையான மூக்கு அது. உங்களுக்கு லேசாகத் தெரிந்தாலே நாய்க்குப் பலமாக இருக்கும். ஒரு துணியில் ஒரு சொட்டு விட்டு, அதை நாய் கடித்து இழுக்க முடியாத இடத்தில் வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். விலகிப் போகப் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

நாயின் கல்லீரல் பூனையைவிடச் சமாளிக்கும் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. தெள்ளுப்பூச்சிக்கு என்று பென்னிராயல் (புதினா இனச் செடி) எண்ணெய் பூசிய ஒரு நாய் கல்லீரல் அழுகி இறந்ததை 1992-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த எண்ணெயில் உள்ள புலிகோன் என்ற பொருள் கல்லீரலில் உடைந்து மெந்தோஃபியூரான் ஆகிறது, அதுவே கல்லீரலைத் தாக்குகிறது. "கல்லீரல் கவனித்துக்கொள்ளும்" என்பதற்கு இது நல்ல பதில், கல்லீரலே அதை விஷமாக்கிக் கொள்கிறது. அப்புறம் அந்த 443-இல் 337 நாய்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வடிகலன்

சங்கிலி, லாவண்டர் வாங்குவதாக இருந்தால் இங்கேதான் தாவரவியல் பெயர் பிரயோஜனப்படும். லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்பதில் கற்பூரம் மிகச் சொற்பம். பிரெஞ்சு வகைக்கு ஐஎஸ்ஓ வரம்பு அரை சதவீதம். லாவண்டின் என்ற கலப்பினத்தில் 6–8 சதவீதம்வரை போகும். ஸ்பைக் லாவண்டரில் 10-ஐத் தாண்டும். மூன்றையும் "லாவண்டர்" என்று ஒரே ஊதா லேபிளில் விற்கிறார்கள், மூன்றும் 100% தூய எண்ணெயாகவே இருக்கலாம். கற்பூரம் வலிப்பு வரவைக்கும் பொருள். லேபிள் பொய் சொல்லவில்லை, முழுசாகச் சொல்லவில்லை. தைம் எண்ணெயிலும் இதே கதை: ஒரே செடி, ஒரு மலைச்சரிவில் தைமால் நிறைந்தும் இன்னொன்றில் லினலூல் நிறைந்தும் வளரும். இதற்குத்தான் எந்தப் பொருள் நிறைந்த வகை என்பதைக் கீமோடைப் என்று தனியாகப் போடச் சொல்வோம்.

சொட்டுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு. பாட்டில் வாயிலுள்ள பிளாஸ்டிக் அடைப்பின் துளையையும் எண்ணெயின் பிசுபிசுப்பையும் பொறுத்து 30, 35 வரைகூடப் போகும். 20 என்றே வைத்துக்கொள்வோம். டீ ட்ரீயின் ஒரு சொட்டு 45 மி.கி. எடை. 4 கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 11 மி.கி. அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு 15 சொட்டு. "ஒரே ஒரு சொட்டுதானே" என்பவர்கள் தங்கள் உடம்பில் 15 சொட்டு தடவி, அதை நாக்கால் நக்கி எடுப்பதாகக் கற்பனை செய்து பார்க்கட்டும்.

தேனடை

பூனை நாய்க்கு நடுவில் தேனீக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தொழிலில் தைமால் அன்றாட மருந்து. தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணியை ஒழிக்கத் தைமால் ஜெல், தைமால் வில்லை என்று அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்புகளே உண்டு, பலன் தரும். ஆனால் எத்தனை கிராம், கூட்டில் எங்கே வைப்பது, எந்த வெப்பநிலையில், எத்தனை வாரம் என்று எல்லாவற்றையும் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஏறினால் ஆவி அதிகமாகித் தேனீக்கள் கூட்டு வாசலில் கொத்தாகத் தொங்கும், ராணி முட்டையிடுவது குறையும். குளிரில் ஆவியாகாமல் உண்ணி சாகாது. அதே தைமால், அதே தூய்மை. ஆகவே இயற்கை எண்ணெயை ஒட்டுமொத்தமாக விஷம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு பூச்சியைக் காப்பாற்றி இன்னொரு பூச்சியைக் கொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள சந்து ரொம்பக் குறுகல்.

ஊசிமருந்து

அருமை தேனடை. மீன் உலகிலும் கிராம்பு எண்ணெயின் யூஜினால் மயக்க மருந்தாகப் பயன்படுகிறது. அளவாகப் போட்டால் மயக்கம், கூடப் போட்டால் கருணைக் கொலை. இரண்டுக்கும் ஒரே பாட்டில்தான்.

கிளிப்பேச்சு

மீசைக்காரி அக்கா டிஃப்யூசர் பற்றிக் கேட்டதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள் போல. பறவை வளர்க்கிற வீட்டில் அது கூடவே கூடாது என்று எங்கள் மருத்துவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பறவைக்குக் காற்றுப்பைகள் உண்டு, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே புதுக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நம் நுரையீரலைவிடத் திறமையாக ஆக்ஸிஜனை எடுப்பது போலவே காற்றில் இருக்கும் கெட்டதையும் எடுக்கும். டெஃப்லான் சட்டி அதிகமாகச் சூடாகிப் புகைந்தால் வீட்டில் மனிதர் தும்முவதற்குள் கிளி கீழே விழும். ஆகவே அடுத்த அறையில் வைக்கிறேன், கதவைச் சாத்துகிறேன் என்ற சமாதானமெல்லாம் வேண்டாம்.

மீசைக்காரி

எல்லாருக்கும் நன்றி. பாட்டில் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன், வடிகலன் சார். தொகுதி எண்ணே இல்லை. தேதி பழையது. "டீ ட்ரீ ஆயில்" என்று மட்டும் இருக்கிறது, தாவரவியல் பெயர் இல்லை. கொடுத்தவரிடம் கேட்டதற்கு, எல்லாத் தொகுதியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்கிறார்!

டிஃப்யூசர் வாங்கவில்லை. ஆனால் மாடியில் இருக்கும் மாமியார் குச்சி செருகிய ரீட் டிஃப்யூசர் வைத்திருக்கிறார். சிட்ரோனெல்லா. பூனைகள் அங்கேயும் போய் வரும். அதுவும் ஆபத்தா? அப்புறம், தவறி உடம்பில் கொட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஊசிமருந்து

டிஃப்யூசரில் இரண்டு ரகம். மாமியாருடையது மாதிரி தானாக ஆவியாகிறவை ஒன்று. தண்ணீரை அதிரவைத்தோ காற்றால் அடித்தோ பனித்துளியாகத் தெளிப்பவை இன்னொன்று. இரண்டாவது ரகத்தில் எண்ணெய் நுண்துளியாகவே பறந்து மேசை, மெத்தை, பூனையின் முடி எல்லாவற்றிலும் படியும். அப்புறம் வழக்கம் போலப் பூனை அதை நக்கும். ஆஸ்துமா உள்ள பூனைக்கு இரண்டுமே மூச்சிரைப்பைக் கிளப்பும். ரீட் டிஃப்யூசரில் வாசனையைவிடக் கவலை அந்த ஜாடிதான். வால் பட்டுச் சாய்ந்து, சிந்தியதில் நடந்து, பாதத்தை நக்கி, இப்படித்தான் கேஸ் வருகிறது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பூனை ஏற முடியாத இடத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கொட்டிக்கொண்டால்:

உடனே மருத்துவரை அழையுங்கள், அழைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது. பாத்திரம் கழுவும் மிதமான திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக அலசி, துண்டால் துடைத்துக் கதகதப்பாகச் சுற்றுங்கள். இந்த எண்ணெய்கள் பட்ட பூனைக்கு உடல் வெப்பம் இறங்கும் என்பதால் ஈரத்தோடு விடக்கூடாது. கழுவி முடியும்வரை நக்க விடாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரால் நிறைய அலசுங்கள்.

குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர், விரல் விடுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் மேலே வரும்போது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வந்து, விஷத்தைவிடப் பெரிய பிரச்சினையாகிவிடும். பால், வேறு எண்ணெய் ஊற்றி "முறிக்க" முயல வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். எங்களுக்கு அந்தத் தாவரவியல் பெயர் பாதி வைத்தியம்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டிலேயே வைத்திருந்து, ராத்திரி நடுங்க ஆரம்பித்தபின் கிளம்புவோர் அதிகம். தாமதமாகவும் வரும் என்பதை மனதில் வையுங்கள்.

சங்கிலி

மொத்தத்தில் இயற்கை என்று எழுதிய தெள்ளுப்பூச்சி ஸ்ப்ரேக்கள் எல்லாம் வீண் என்கிறீர்களா? அவை நீர்த்துத்தானே வருகின்றன?

ஊசிமருந்து

எல்லாமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சில தாவர எண்ணெய்களைக் கொண்ட பூச்சிவிரட்டிகளுக்கு அரசிடம் பதிவு தேவையில்லை என்று விலக்கு உண்டு. புதினா, கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல், செடார் எண்ணெய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி விற்ற தயாரிப்புகளால் பாதிக்கப்பட்ட 39 பூனைகளையும் 9 நாய்களையும் பற்றி 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலானோர் லேபிளில் சொன்னபடியேதான் போட்டிருந்தார்கள். பதிவிலிருந்து விலக்கு என்றால் பிராணிக்குப் பாதுகாப்பு என்று யாரோ சோதித்துப் பார்த்ததாக அர்த்தம் இல்லை.

சரி, மீசைக்காரியின் தெள்ளுப்பூச்சிக்கு வருவோம். பூனைமேல் தெரிகிற பூச்சி கொஞ்சம்தான். முட்டை, புழு, கூட்டுப்புழுவாக மிச்சமெல்லாம் மெத்தையிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. பூனையின் விரிப்புகளைச் சுடுநீரில் துவையுங்கள், தரையைத் தினம் தூசி உறிஞ்சும் கருவியால் இழுங்கள், சீப்பால் வாரிச் சோப்பு நீரில் முக்குங்கள். பூனையை எடை பார்த்து, அந்த எடைக்கும் வயதுக்கும் பூனைக்கென்றே உள்ள மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கும் சேர்த்துப் போட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு எமன். நாய்க்கு அதைப் போட்டுவிட்டுப் பூனையைப் பக்கத்தில் படுக்க விடவும் கூடாது.

இயற்கைவழி

பூனை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மரபணுச் செய்தி எனக்குப் புதிது. ஆனால் ஹைட்ரோசால் பற்றி யாரும் பேசவில்லை. வடிக்கும்போது கிடைக்கும் அந்த வாசனைத் தண்ணீர் மென்மையானதுதானே?

வடிகலன்

எண்ணெயோடு ஒப்பிட்டால் மென்மைதான். கரைந்திருக்கும் எண்ணெய் பொதுவாக 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் இரண்டு விஷயம். அது அடிப்படையில் தண்ணீர், பதப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் கிருமி வளரும். இரண்டாவது, கடையில் ஹைட்ரோசால் என்று வருவதில் பல, தண்ணீரில் எண்ணெயைக் கரைப்பான் போட்டுக் கலந்தது. எவ்வளவு எண்ணெய் என்று லேபிளில் இருக்காது.

பழைய பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி தளர்ந்து, வெளிச்சத்தில் நின்று, பாதி காலியான பாட்டிலில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். டீ ட்ரீயில் டெர்பினீன்கள் என்ற பொருள்கள் குறைந்து பாரா-சைமீன் என்ற வேறொன்று ஏறும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயின் லிமோனீனும் லாவண்டரின் லினலூலும் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறித் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். வாங்கிய அன்று எடுத்த நல்ல அறிக்கை, ஜன்னலோரம் ஒரு வருடம் கிடந்த பாட்டிலுக்குப் பொருந்தாது. நாய்க் கூண்டைத் துடைக்க, விரிப்பில் தெளிக்க என்று காலாவதியானதை ஒதுக்கி வைப்பவர்கள் கவனியுங்கள். முகர்ந்தால் வார்னிஷ் வாடை வந்தால் அது போயே போய்விட்டது.

மீசைக்காரி

வீட்டில் எப்போதும் இருக்கும் இரண்டு சாமான் பற்றியும் கேட்டுவிடுகிறேன். சளிக்கு முகர்கிற நீலகிரித் தைலம், அப்புறம் வேப்பெண்ணெய்.

ஊசிமருந்து

நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் எண்ணெயேதான், பெரும்பகுதி 1,8-சினியோல். பூனைக்கும் நாய்க்கும் தள்ளாட்டம், வலிப்புவரை கொண்டுபோகும். பிராணிக்கு மூக்கடைப்பு என்று நெஞ்சில் தேய்க்கும் தைலத்தைப் பூசுகிறவர்கள் உண்டு. அதில் சினியோல், கற்பூரம், மெந்தால் மூன்றும் ஒரே டப்பியில்! வேண்டவே வேண்டாம்.

வேப்பெண்ணெய் விதையிலிருந்து பிழிந்த கொழுப்பெண்ணெய், வாசனை எண்ணெய் வகை இல்லை. இங்கே பேசிய கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. அதற்காகப் பூனைக்குத் தடவலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நக்கினால் அதுவும் கோளாறு செய்யும்.

புல்வெளி

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், முழு இழையையும் படித்தேன். முயல், கினிப்பன்றிக்கு இதில் எது பொருந்தும்? கூண்டில் நாற்றம் போக எலுமிச்சைப்புல் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள்.

ஊசிமருந்து

விட வேண்டாம். எடை கொஞ்சம், பூனை போலவே உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், மூக்கும் நுரையீரலும் எளிதில் பாதிக்கும். கூண்டுக்குள் இருப்பதால் வாசனை பிடிக்காவிட்டால் எழுந்து போகவும் முடியாது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, உள்ளே போனது போனதுதான். நாற்றம் வந்தால் விரிப்பை இன்னும் அடிக்கடி மாற்றுங்கள், தட்டை நீர்த்த வெள்ளை வினிகரில் கழுவி, அலசி, காயவைத்து வையுங்கள். மாற்றியும் நாற்றம் நின்றபாடில்லை, சிறுநீர் அடிக்கடி போகிறது என்றால் அழைத்து வாருங்கள், சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.